திரைக்குள் எவ்வளவு ஊர் அடங்கும்?

டிஜிட்டல் வரைபடத்தில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் நிலப்பகுதி காட்சிப் பரப்பு எனப்படும். மையப்புள்ளி, ஜூம் படி, திரையின் அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் அதன் நான்கு எல்லைகளையும் மென்பொருள் கணக்கிட்டுவிடும்.

இணைய வரைபடங்களில் ஜூம் 0 என்பது முழு உலகும் 256 பிக்சல் பக்கமுள்ள ஒரே சதுரத்துக்குள் அடங்கும் நிலை. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு சதுரம் நான்காகப் பிரியும். ஜூம் 15-இல் சதுரங்களின் எண்ணிக்கை 107 கோடியைத் தாண்டும். ஆனால் 360க்கு 640 பிக்சல் கொண்ட செல்போன் திரையை நிரப்ப அதிகபட்சம் 12 சதுரங்கள் போதும். அவை மட்டுமே சர்வரிலிருந்து இறங்குகின்றன. விரலால் படத்தை நகர்த்தினால், புதிதாக எல்லைக்குள் நுழையும் சதுரங்கள் கூடுதலாக இறங்கும்.

கோவை மாவட்டத்திலுள்ள கருமத்தம்பட்டியை மையமாக வைத்துப் பார்க்கலாம். அதே செல்போனில் ஜூம் 15-இல் ஒரு பிக்சல் சுமார் 4.7 மீட்டர், திரையில் அடங்குவது 1.7 கி.மீ. அகலமும் 3 கி.மீ. உயரமும்தான். ஜூம் 12-க்கு இறங்கினால் அகலம் 13.5 கி.மீ. ஆகும். பக்கத்து ஊரான சோமனூர் உள்ளே வந்துவிடும். வடகிழக்கிலுள்ள அவிநாசி வெளியே நிற்கும். ஜூம் 11-இல் அவிநாசியும் தெரியும். ஜூம் 12-ஐ மாற்றாமல் 1,280 பிக்சல் அகலமுள்ள கணினித் திரையில் திறந்தாலும் அவிநாசி தெரியும்.

இடத்துக்கேற்பவும் கணக்கு மாறும். இவ்வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறை, நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் லண்டனில் அதே செல்போனின் ஜூம் 12 சுமார் 8.6 கி.மீ. அகலத்தையே காட்டும்.

கணக்கு எதிர்த்திசையிலும் நடக்கும். கருமத்தம்பட்டியிலிருந்து கோவைக்கு வழி கேட்டால், பாதையின் நான்கு எல்லைகளையும் மென்பொருள் முதலில் கண்டறிகிறது. அவை முழுவதும் அடங்கும் மிக நெருக்கமான ஜூமைப் பிறகு தேர்கிறது. க்யூஜிஐஎஸ் மென்பொருளில் சூலூர் வட்ட எல்லைக் கோப்பைத் திறந்து 'ஜூம் டு லேயர்' கொடுத்தால் நடப்பதும் இதுவே. கோப்பின் பரப்பு மாறாதது. காட்சிப் பரப்பு மட்டுமே அதற்கேற்ப நகர்கிறது.

பகிரப்படும் வரைபட இணைப்பில் பெரும்பாலும் மையமும் ஜூமும் மட்டுமே இருக்கும். பெறுபவரின் திரை வேறு அளவென்றால் அவர் காணும் பரப்பும் வேறாகும். குறிப்பிட்ட பகுதியை அச்சிடவோ தரவு இறக்கவோ வேண்டுமானால், தெற்கு, வடக்கு எல்லைகளுக்கு அட்சரேகையும் மேற்கு, கிழக்கு எல்லைகளுக்குத் தீர்க்கரேகையும் சேர்த்து நான்கு எண்களாகக் கொடுப்பதே சரியான முறை.