துரு சொல்லும் உண்மை

மலையடிவார ஊர்களின் வாகனப் பட்டறைகளை ஒட்டி, துருவேறிய பழைய ஜீப் ஒன்றாவது நிற்பதைக் காணலாம். ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் உழைத்து ஓய்ந்த வண்டிகள் அவை. பணிக்கொடைத் தொகையில் இளமைக் கனவை நிறைவேற்றிக்கொள்ள விரும்பும் முதியவர், தோட்டத்துக்கு ஏறும் கரட்டுப் பாதைக்கு வண்டி தேடும் விவசாயி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கலாம் எனக் கடன் வாங்கும் இளைஞர் என மூவகையினர் அவற்றை விலை கேட்கின்றனர். மூவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: இவ்வளவு துரு பிடித்த வண்டியை வாங்கலாமா?

இக்கேள்விக்குப் பொருளியலில் ஒரு விடை உண்டு. பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை புகழ்பெற்றது. 2001-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை அவர் இருவருடன் பகிர்ந்துகொள்ள அந்த ஆய்வே அடிப்படையாக அமைந்தது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தகவலில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வே பழைய பொருள் சந்தையின் அடிப்படைச் சிக்கல் என்றார் அவர்.

அந்தப் பார்வையில், துரு வாங்குபவருக்குப் பகையன்று, அது தகவல். புதிதாக வண்ணம் பூசி மினுமினுக்கும் பழைய ஜீப் தன் குறைகளை மறைத்து நிற்கிறது. துருவேறிய ஜீப்போ அவற்றை வெளிக்காட்டுகிறது. எனவே, துரு எவ்வளவு என்று கேட்பதைவிட, துரு எங்கே இருக்கிறது என்று கேட்பதே முறை.

ஜீப் போன்ற வண்டிகளின் உயிர், சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தில் இருக்கிறது. ஏணி வடிவிலான அச்சட்டத்தின்மீதுதான் என்ஜினும் கூடும் பொருத்தப்படுகின்றன. மேல் தகட்டில் படர்ந்த துருவைத் தேய்த்து அகற்றலாம். ஓட்டை விழுந்தால் தகட்டை வெட்டி வேறு வைத்துப் பற்றவைக்கலாம். அடிச்சட்டம் அரித்திருந்தால் நிலைமை வேறு. சேறும் நீரும் உள்ளே தங்கும் இடங்களில் இரும்பு உள்ளிருந்து அரிக்கிறது. உப்பு மின்கடத்தலை மிகுவித்து அரிப்பை விரைவுபடுத்துவதால், கடலோர ஊரில் நின்ற வண்டியைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

சோதிக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சிறு காந்தத்தை மேல் தகட்டில் நகர்த்தினால், பட்டி பூசி மறைத்த இடத்தில் அது சரியாக ஒட்டாது. அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். வில்பட்டைகள் சட்டத்தோடு இணையும் இடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் தவறாமல் பார்க்க வேண்டும். அடிப்பகுதிக்கு மட்டும் அண்மையில் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். நாம் செல்லும்வரை என்ஜினை இயக்க வேண்டாம் எனச் சொல்லிவைப்பதும் நன்று. குளிர்ந்த என்ஜின் எப்படிப் புறப்படுகிறது, என்ன நிறத்தில் புகைகிறது என்பவை அதன் உடல்நிலையைச் சொல்லிவிடும். நான்கு சக்கர இயக்கத்துக்கான நெம்புகோலை மாற்றி, முன்சக்கரங்களும் இழுக்கின்றனவா என்று மண்பாதையில் ஓட்டிப் பார்ப்பதும் இன்றியமையாதது.

'இரண்டாம் உலகப்போர் வண்டி' என்று சொல்லி விலையை ஏற்றுவோரும் உண்டு. போர்க்காலத்து வில்லிஸ் எம்பி வகை 1941 முதல் 1945 வரை தயாரானது; அதன் முகப்புத் தகட்டில் ஒன்பது நெடும் துளைகள் இருக்கும். அதன்பின் வந்த குடிமக்கள் பயன்பாட்டு வகைகளில் ஏழு துளைகளே. மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. வில்லிஸ் 1953-இல் அறிமுகப்படுத்திய உயர்ந்த முகப்புடைய சிஜே-3பி வகையைப் பின்னர் இங்கேயே நெடுங்காலம் தயாரித்தது. நம் ஊர்களில் 'வில்லிஸ்' என்று விற்கப்படும் வண்டிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவையே. அதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால், அதற்குப் போர்க்கால விலை கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

இரும்பைவிட முக்கியமானது காகிதம். அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணே சட்டத்தின் பார்வையில் வண்டியின் அடையாளம். துரு அந்த எண்ணை அழித்திருந்தால், ஆர்.சி. புத்தகம் அந்த வண்டிக்கு உரியதுதானா என்று உறுதிசெய்ய இயலாது. பெட்ரோல் என்ஜினுடன் பிறந்து, பின்னாளில் டீசல் என்ஜின் மாட்டப்பட்ட ஜீப்புகள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். உற்பத்தியாளரின் அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது, மிகப் பழைய வண்டிகளுக்கு அது பின்னர் மேலும் உயர்ந்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் நிலையில் உள்ள வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதியும் விதி 2021-இல் வந்தது. அதற்கான கட்டணம் ரூ.20,000. ஆனால், அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட இயலாது.

இனி விலைக்கு வருவோம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழி இதற்கெனவே பிறந்ததோ என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு: வண்டியின் விலை ஒன்றரை லட்சம், டிங்கரிங், என்ஜின், டயர் வேலைகளுக்கு மூன்று லட்சம். மொத்தம் நாலரை லட்சம். இத்தொகையை 7 விழுக்காடு வட்டியில் வைப்பாக வைத்தால் ஆண்டுக்கு ரூ.31,500 கிடைக்கும். இழக்கும் இந்த வட்டியும் செலவே.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. பட்டறையில் பாதி வேலை முடிந்த நிலையில், 'இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே' என்ற எண்ணம் எழும். போட்ட பணம் திரும்பாது; அது முடிவைத் தீர்மானிக்கவும் கூடாது. இனிப் போடும் பணத்துக்கு இனி என்ன பயன் என்பதே கணக்கு. ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன்பே உச்சவரம்பு ஒன்றை எழுதி, குடும்பத்தாரிடம் காட்டிவிடுவது நல்லது.

மூவருக்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது. முதியவருக்கு இது நுகர்வு. மகிழ்ச்சிக்குச் செலவிடுவதில் தவறில்லை, அதை முதலீடு என்று தம்மையே ஏமாற்றிக்கொள்ளாத வரையில். விவசாயிக்கு இது கருவி. அடிச்சட்டமும் ஆவணமும் சீராக இருந்தால் மேல் தகட்டுத் துருவைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம். கடன் வாங்கும் இளைஞர்தான் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டமீறல். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க அது வழிகோலும். இழப்பீட்டுச் சுமை அவர் தலையில் விழும். காற்றுப்பையும் இருக்கைப் பட்டையும் இல்லாத காலத்து வண்டியில், மலைவளைவில் அரித்த சட்டம் முறிந்தால் இழப்பு பணத்தோடு நிற்காது.

அடிச்சட்டம் உறுதி, ஆவணம் தூய்மை, தேவை தெளிவு என மூன்றும் அமைந்தால், துருவைப் பொருட்படுத்தாமல் வாங்கலாம். முதலிரண்டில் ஒன்று குறைந்தாலும், இலவசமாகக் கொடுத்தால்கூட அந்த வண்டி விலை அதிகமே.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).