ஏரிக்கு எவ்வளவு நீர் வரும்? வரைபடம் போடும் கணக்கு

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்ட திருப்புட்குழியைச் சுற்றியுள்ள வட்டாரம் ஏரிப்பாசனத்தில் வளர்ந்தது. இத்தகைய வட்டாரத்தில் ஓர் ஏரிக்கு எவ்வளவு நீர் வரும் என்பதை ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித் தகவல் முறைமை மூன்று படிகளில் கணக்கிடுகிறது: எவ்வளவு மழை பெய்தது, அது எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு பரப்பின் நீர் ஏரியில் சேரும்.

ஊருக்கு ஒரு மழைமானி இருப்பதில்லை. இருப்பவற்றைக் கொண்டே இடைப்பட்ட ஊர்களின் மழையை மதிப்பிட வேண்டும். 1911-இல் ஆல்ஃபிரட் தீசன் என்ற அமெரிக்கர் காட்டிய வழி எளியது: ஒவ்வோர் இடத்துக்கும் மிக அருகிலுள்ள மானியின் அளவையே எடுத்துக்கொள்வது. இதில் ஒரு மானியின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில் மழையளவு சட்டென மாறிவிடும்.

அக்குறையைத் தொலைவின்படி எடை தரும் முறை குறைக்கிறது. அருகருகே உள்ளவை ஒன்றையொன்று அதிகம் ஒத்திருக்கும் என்பதே இதன் அடிப்படை. புவியியலாளர் வால்டோ டோப்லர் 1970-இல் அதைப் புவியியலின் முதல் விதி என்றே குறிப்பிட்டார். ஓர் ஊரிலிருந்து 2 கி.மீ. தொலைவிலுள்ள மானி 40 மி.மீ. மழையும், 4 கி.மீ. தொலைவிலுள்ள இரு மானிகள் 60, 80 மி.மீ. மழையும் காட்டுவதாகக் கொள்வோம். 1-ஐத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் எடைகள் 1/4, 1/16, 1/16; அதாவது 4:1:1. அவ்வூரின் மழை (4×40 + 60 + 80) ÷ 6 = 50 மி.மீ. தீசன் முறையில் இது 40 மி.மீ. தான்.

இந்த எடைகளைத் தரவிலிருந்தே கணிக்கும் முறையும் உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே செய்த ஆய்வை, 1960-களில் பிரெஞ்சுக் கணிதர் ஜார்ஜ் மாத்தரோன் 'கிரிகிங்' முறையாக வளர்த்தார். தொலைவு கூடும்போது அளவுகள் எப்படி வேறுபடுகின்றன என்பதைத் தரவிலிருந்தே கண்டு அது எடைகளை முடிவு செய்கிறது. மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சொல்கிறது.

அடுத்தது நீரின் திசை. செயற்கைக்கோள், விண்கலத் தரவுகளைக் கொண்டு நிலம் 30 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் உயரம் குறிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் எதை நோக்கிச் சரிவு மிகுதியோ, அதற்கு நீர் பாயும். தெற்குக் கட்டம் 0.6 மீட்டரும் தென்மேற்குக் கட்டம் 0.7 மீட்டரும் தாழ்ந்திருந்தால், தெற்குச் சரிவு 0.6 ÷ 30 = 0.02. மூலைவிட்டத் தொலைவு 42.4 மீட்டர் என்பதால் தென்மேற்குச் சரிவு சுமார் 0.0165. எனவே நீர் தெற்கே போகும்.

இப்படி நீர் ஏரியில் வந்து முடியும் கட்டங்களை எண்ணினால் நீர்ப்பிடிப்புப் பரப்பு கிடைக்கும். அது 1 சதுர கி.மீ. என்றால், 50 மி.மீ. மழை என்பது 50,000 கன மீட்டர் நீர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடினால் ஏரிக்கு 10,000 கன மீட்டர் சேரும்.

ஆனால் காஞ்சிபுரம் போன்ற சமவெளியில் சரிவு மிகக் குறைவு. உயரத் தரவின் சிறு பிழையும் நீரின் திசையை மாற்றிவிடும். மென்பொருள் பள்ளங்களை நிரப்பிவிட்டே நீரை ஓடவிடுவது வழக்கம். ஏரியும் ஒரு பள்ளம் என்பதால் அதையும் நிரப்பிவிடும். நெடுஞ்சாலை மேட்டை அணையாகக் கொள்ளும். மேட்டின் அடியிலுள்ள சிறுபாலம் மென்பொருளுக்குத் தெரியாது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களோ மனிதர் வெட்டியவை; பல இடங்களில் ஒரு கட்டத்தை விடக் குறுகலானவை.

ஆகவே மதகு, மிகுநீர் வெளியேறும் கலங்கல், வரத்துக்கால், சிறுபாலம் ஆகியவற்றை நேரில் அளந்து வரைபடத்தில் சேர்த்த பிறகே கணக்கை ஓட்ட வேண்டும். அப்படிப் போட்ட கணக்கு, எந்த வரத்துக்கால் அடைபட்டால் ஏரிக்கு அதிக இழப்பு என்பதைக் காட்டும். தூர்வாரும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.