குறட்டை அழகல்ல

வீட்டில் வைத்த பெயர் எதுவானாலும் தெருவில் அதற்குப் பெயர் 'ஹட்ச் நாய்'தான். 2003-இல் வந்த ஹட்ச் செல்பேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடிய பக் இன நாய், அதன்பின் நம் அடுக்ககங்களில் குடியேறிவிட்டது. குணத்தைப் பொறுத்தவரை விளம்பரம் பொய் சொல்லவில்லை. சீன அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சவென்றே வளர்த்த இனம் இது. நீங்கள் சமையலறைக்குப் போனால் கூடவே வரும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே படுத்திருக்கும். குழந்தைகளிடம் பொறுமை அதிகம். காவலுக்கு உதவாது, திருடனுக்கும் வாலாட்டும். பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியே விட்டால் ஏங்கிப்போகும். விற்பவர் இதைச் சொல்வதில்லை.

அவர் சொல்லாத இன்னொன்று, நாம் ரசித்துக் கேட்கும் அந்தக் குறட்டை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். முகம் தட்டையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் எலும்பு குட்டையானது. உள்ளிருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. அதனால் மூக்குத் துவாரம் இடுங்கி, மெல்லண்ணம் நீண்டு தொண்டையை மறிக்கிறது. குறட்டை என்பது காற்றுக்கான போராட்டம்; காற்று சரியாகப் போகாவிட்டால் சூடும் தணியாது. தூக்கத்தில் திணறி எழுந்தாலோ, நாலடி நடந்து உட்கார்ந்துவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். துவாரத்தை அகலப்படுத்தவும் மெல்லண்ணத்தைக் குறைக்கவும் அறுவைச் சிகிச்சை உண்டு. தமிழ்நாடு அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக் இனத்தை நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவற்றின் பட்டியலில் சேர்த்ததில் வியப்பில்லை.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் வெயில் ஏறுமுன், அல்லது பொழுது சாய்ந்தபின் நடத்திச் செல்லுங்கள். கழுத்துப்பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும், மார்புப்பட்டை போடுங்கள். சாப்பாட்டுக்கு முடிவே இல்லாத நாய் இது. பார்வையால் கெஞ்சியே தயிர்சாதமும் பிஸ்கட்டும் வாங்கிவிடும். கொழுப்பு ஏற ஏற மூச்சு இன்னும் அடைபடும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. முகமடிப்புகளைத் துடைத்தபின் ஈரமில்லாமல் உலர்த்துங்கள். பிதுங்கிய கண்ணில் சிறு கீறலும் புண்ணாகிவிடும். கண் சிவந்தாலோ, பாதி மூடியே இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

விடாமல் இரைத்து, நாக்கு நிறம் மாறி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறியைப் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீரைத் திணிக்க வேண்டாம். ஓரளவு குளிர்ந்ததும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

வாங்கும்போது ஏமாறுகிறவர்களே அதிகம். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, குட்டி வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும்; எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உணவு விவரங்களையும் பார்த்துவந்த மருத்துவரின் முகவரியையும் எழுத்தில் தர வேண்டும். வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பி, பேருந்து நிலையத்தில் கைமாற்றுகிறவரிடம் இதெல்லாம் இருக்குமா? தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது உட்கார்ந்த இடத்திலேயே இரைத்தால் குட்டியின் எதிர்காலம் தெரிந்துவிடும். வம்சாவளிச் சான்றிதழ் மூச்சுக்கு உத்தரவாதம் அல்ல.

வாங்கிய சில நாளிலேயே குட்டி நோயில் விழுந்தால் ரசீது, பணம் செலுத்திய பதிவு, உரையாடல், மருத்துவரின் அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. ரசீது வாங்காதவர்கள்தான் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.

அடுக்ககச் சங்கம் 'நாய் கூடாது' என்று தீர்மானம் போட்டால்? இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் அப்படித் தடை போடக் கூடாது. லிஃப்ட்டையும் மறுக்கக் கூடாது. (நாய் இருந்த இடத்தைச் சுத்தம் செய்வது வளர்ப்பவர் வேலை, பாதிச் சண்டை அதிலிருந்துதான் கிளம்புகிறது.) லிஃப்ட்டை மறுத்தால் எழுத்தில் மனு கொடுங்கள். மே மாத மதியத்தில் நான்கு மாடி ஏறினால் பக்குக்கு உயிராபத்து என்று மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கி அதோடு இணையுங்கள்.