சாவி கொடுக்கும் தவளை

கரோல்பாகில் எங்கள் வீட்டு அலமாரியில் பேசும் பொம்மைகள் பதினொன்று இருக்கின்றன. பேரனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் உறவினர்கள் ஆளுக்கொன்றாக வாங்கித் தந்தவை. பொத்தானை அழுத்தினால் ஆங்கிலத்தில் பாடும், இந்தியில் எண்ணும். அவனும் மணிக்கணக்கில் அழுத்துவான். எங்களை ஏறிட்டுப் பார்க்க மாட்டான்.

அவனுக்குப் பயிற்சி தரும் அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, சாவி கொடுத்தால் தாவும் தகரத் தவளை ஒன்றை வாங்கச் சொன்னார். அதன் சாவி அவன் விரலுக்குத் திரும்பாது. தவளை நின்றதும் நான் சும்மா காத்திருக்க வேண்டும். அவன் என் கையைத் தொட்டாலும், ஒரு சத்தம் கொடுத்தாலும் உடனே சாவி கொடுக்க வேண்டும். "என்னைப் பார், சொல்லு" என்று நச்சரிக்கக் கூடாது. முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாடு!

மனித முகம் நொடிக்கு நொடி மாறும். இந்தக் குழந்தைகள் பலருக்கு அது குழப்பம். பொம்மை அப்படியில்லை, இதைச் செய்தால் இதுதான் நடக்கும். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தார் 2005 முதல் உருவாக்கிவரும் 'காஸ்பர்' என்ற குழந்தை அளவு ரோபோவுக்கு முகபாவங்களை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள். மெல்லத் தொட்டால் மகிழும்; அடித்தால் வலிக்கிறது என்று காட்டும். ஆனால் அருகில் ஒரு பெரியவர் இருந்து ஆட்டத்தில் கலந்துகொள்வார். ரோபோவோடு குழந்தை நின்றுவிடக் கூடாது அல்லவா?

அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004இல் எழுதிய முறைக்கு லெகோ கட்டைகள் போதும். ஒரு குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்லும், ஒன்று கட்டையை எடுத்துத் தரும், ஒன்று பொருத்தும். பிறகு வேலையை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் கேட்காமல் வீடு எழும்பாது. எங்கள் பையன் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், குழம்புவான்" என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். நாங்களும் ஒரு வருடம் விட்டோம். தமிழ் மட்டுமே தெரிந்த என் மனைவி பேரனிடம் ஊமையாகிப் போனாள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தவளைக்கு மொழி கிடையாது. எனவே இப்போது பாட்டி சாவி கொடுத்து "தாவு" என்கிறாள். அவன் "தா" என்கிறான்.

சென்ற மாதம் தவளையின் ஸ்பிரிங் போய்விட்டது. தூக்கிக்கொண்டு பாட்டியிடம்தான் ஓடினான். சதர் பஜாரில் தகரத் தவளை விற்கும் கடை தெரிந்த அன்பர்கள் எனக்குச் சொல்லுங்கள்.