சேமித்த பின் படத்தின் நிறம் மாறுவது ஏன்?

பாக்கெட் கவர், லேபிள், பண்டிகைக்கால விலைப்பட்டியல் என்று எதற்கும் இப்போது நாமே படம் எடுத்து, கம்ப்யூட்டரில் திருத்தி, அச்சகத்துக்கு அனுப்பி விடுகிறோம். திருத்தும்போது பளிச்சென்று இருந்த படம், சேமித்துவிட்டுத் திறந்து பார்த்தால் வெளுத்துப் போயிருக்கிறது என்ற குறை நம் உறுப்பினர்கள் பலருக்கும் உண்டு. இதில் நாங்களும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்தான்.

எங்கள் கடை மஞ்சள்தூளுக்குப் புதிய கவர் போட 5,000 அச்சடித்தோம். வந்து இறங்கிய கட்டைப் பிரித்தால், கவரில் இருந்த மஞ்சள் களிமண் நிறத்தில் இருந்தது. தூள் நல்ல தூள்தான். ஆனால் எடுத்துப் பார்த்த வாடிக்கையாளர்கள், "அண்ணாச்சி, இது பழைய சரக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அச்சகத்தாரிடம் சண்டைக்குப் போனோம். அவர் நாங்கள் அனுப்பிய படத்தையே தம் திரையில் திறந்து காட்டினார். அதிலேயே அதே களிமண் நிறம். பிழை எங்களுடையது.

டிஜிட்டல் படத்தில் நிறம் என்று எதுவும் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், சாதாரணமாக 0 முதல் 255 வரை. சரக்குச் சீட்டில் வெறுமனே "5" என்று எழுதியிருந்தால் அது 5 கிலோவா, 5 லிட்டரா, பழைய படிக்கணக்கா என்று எப்படித் தெரியும்? படத்திலும் அதே கதைதான். எந்த அளவையில் எழுதிய எண்கள் இவை என்று சொல்லும் சிறு குறிப்பு ஒன்று படத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கலர் புரொஃபைல் என்று பெயர்.

எஸ்.ஆர்.ஜி.பி. என்ற அளவை 1996ல் ஹெச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்தது. 1999ல் சர்வதேசத் தரமாயிற்று. இணையமும் பெரும்பாலான திரைகளும் இதையே எதிர்பார்க்கின்றன. அடோபி ஆர்.ஜி.பி. 1998ல் வந்தது, இன்னும் அகலமானது, அச்சுவேலையை மனத்தில் வைத்துச் செய்தது. ஐபோன் 7 முதல் (2016) ஆப்பிள் கைப்பேசிகள் டிஸ்ப்ளே பி3 என்ற வேறொரு அகல அளவையில் படம் எடுக்கின்றன.

மிளகாய் வற்றல் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஸ்.ஆர்.ஜி.பி.யில் 255 என்று எழுதப்படும் முழுச் சிவப்பு, அடோபி ஆர்.ஜி.பி.யில் 219 என்றுதான் எழுதப்படும். நிறம் ஒன்றே, எண் வேறு. சேமிக்கும்போது குறிப்பு உதிர்ந்துவிட்டால், அடுத்துத் திறக்கும் மென்பொருள் அந்த 219ஐ எஸ்.ஆர்.ஜி.பி. என்றே எடுத்துக்கொண்டு, மங்கிய சிவப்பைக் காட்டும். எங்கள் மஞ்சளுக்கு நேர்ந்ததும் இதுதான். கேமரா அடோபி ஆர்.ஜி.பி.யில் வைக்கப்பட்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. (பல கேமராக்களில் அப்படி எடுத்த படத்தின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். பெயரைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம்!)

போட்டோஷாப்பில் இதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன; பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். "கன்வர்ட் டு புரொஃபைல்" என்பது நிறத்தை அப்படியே வைத்து எண்களை மாற்றும். "அசைன் புரொஃபைல்" எண்களை அப்படியே வைத்துக் குறிப்பை மட்டும் மாற்றும்; ஆகவே நிறம் மாறிவிடும். வேலை முடிந்ததும் எஸ்.ஆர்.ஜி.பி.க்குக் கன்வர்ட் செய்து, சேமிக்கும் பெட்டியில் "எம்பெட் கலர் புரொஃபைல்" அல்லது "ஐ.சி.சி. புரொஃபைல்" என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். குறிப்பு ஏற்கனவே உதிர்ந்த படமானால், முதலில் அதன் பழைய அளவையை அசைன் செய்து, சரியான நிறம் திரும்பி வந்ததும் கன்வர்ட் செய்யலாம். எங்கள் படத்தை அப்படித்தான் மீட்டோம். 5,000 கவர்களை மீட்க வழியில்லை.

கோளாறு எங்கே என்று பிரித்தறியவும் வழி உண்டு. ஒரே கம்ப்யூட்டரில் போட்டோஷாப்பில் ஒரு நிறம், வேறு மென்பொருளில் ஒரு நிறம் என்றால், பெரும்பாலும் குறிப்பில்தான் கோளாறு. எல்லாப் படங்களிலும் வெள்ளைப் பின்னணிகூட மஞ்சளாகத் தெரிந்தால், படத்தை விட்டுவிட்டுத் திரையைப் பாருங்கள். இரவு நேர மங்கல் வெளிச்சம் போட்டிருக்கலாம், அல்லது விண்டோஸில் அந்தத் திரைக்குத் தவறான புரொஃபைல் பதிந்திருக்கலாம்.

ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்தி மீண்டும் மீண்டும் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்மானம் உண்டு. சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்குவது அதனால்தான். மூலப்படத்தைத் தனியே வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் ஜேபெக்காகச் சேமிப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்; போட்டோவாகப் போனால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் அச்சில் நிறம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. கிளிப்பச்சை, கொழுந்துவிடும் ஆரஞ்சு, பளிச்சென்ற நீலம் ஆகியவை அந்த நான்கு மைக்குள் அடங்குவதில்லை. அந்த நிறம்தான் உங்கள் கடை அடையாளம் என்றால், தனி மை கலந்து அடிக்கச் சொல்லலாம், செலவு கூடும். அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. மாற்றத்தை நாமே செய்யாமல் அச்சகத்தாரிடம் கேட்டுச் செய்வதே மேல், ஏனெனில் அவர்களின் தாளும் மையும் அவர்களுக்குத்தான் தெரியும். சி.எம்.ஒய்.கே. ஜேபெக்கைச் சில மென்பொருள்கள் கண்ணைப் பறிக்கும் கோணல் நிறத்தில் காட்டும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், அதை வைத்துத் திருத்தவும் வேண்டாம்.

முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரித் தாள் கேளுங்கள். டியூப்லைட்டில் பார்க்காமல் கடை வாசலுக்கு எடுத்து வந்து, பக்கத்தில் ஒரு கை மஞ்சள்தூளை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சரியென்றால் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கல்லாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.