சுட்டுச் சாப்பிடுவோம், சுகமாகச் சாப்பிடுவோம்!



குளிர் நாட்டார் கோடை வரும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுப்பை வாசலுக்குக் கொண்டு வருவார்கள். நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆண்டு முழுவதும் வெயில்தான். ஒரு பள்ளி விடுமுறையும், மழை தூறாத ஒரு மாலையும், நாலு உறவுக்காரரும் சேர்ந்தால் போதும். அசாம் ஜாவாவிலும், புக்கிட் ரோத்தானிலும், ஜெராமிலும் வீட்டுக்கு வீடு கரிப்புகை எழும்பிவிடும். 'பார்பிக்யூ' என்று பிள்ளைகள் பெயர் சொல்லுகிறார்கள். பெயர்தான் புதிது.

சென்ற விடுமுறைக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், சுட்டுத் தின்றால் நோய் வருமாமே, அப்போ நாங்க சுடக் கூடாதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுட்டுத் தின்பது நமக்குப் பழக்கம்தான்

லயத்தில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கித்தா விறகுத் தணலில் கருவாட்டைச் சுட்டு, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு, விடியுமுன் மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவாக இருந்த கதையையும் நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கத்தரிக்காயைத் தணலில் புதைத்து, தோலை உரித்துப் பிசைந்தால் அதுவே ஒரு கறி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று ஒரு கருவாட்டைப் பல பேர் பங்கு போட்டார்கள். பங்கு போட்டவர்கள் பகலெல்லாம் மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவர்கள். இன்று ஒருவர் தட்டில் ஐந்து கோழி இறக்கை, மூன்று ஹாட்டாக், பக்கத்தில் ஒரு டின் குளிர்பானம். சாப்பிட்டவர் எழுந்து போய்த் தொலைக்காட்சிக்கு முன் உட்காருகிறார்.

என் அண்ணனின் கால்

என் அண்ணன் பதினாறு வயதில் பால்மரம் வெட்டத் தொடங்கியவர். பிறகு செம்பனையில் குலை அறுத்தார். தோட்டத்தை விட்டு வெளியேறிய பின் பட்டணத்தில் ஜாகா வேலை. நின்ற இடம், உட்கார்ந்த இடம். இனிப்புத் தேநீர் மட்டும் குறையவில்லை. இனிப்பு நீர் இருக்கிறது என்று தெரிந்தும் மருந்தை ஒரு நாள் விழுங்குவார், இரண்டு நாள் மறப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை மாலை, குடும்பமே கூடிக் கோழி சுட்டோம். கிச்சாப்பும் சீனியும் தேனும் பூசிய இறக்கைகளைத் தட்டு நிறைய வைத்து அண்ணன் கையில் கொடுத்தது நான்தான். "ஒரு நாளைக்குத்தானே, சாப்பிடுங்க அண்ணே" என்றேன். அண்ணி முறைத்தார், நான் சிரித்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்புக்கு அருகில் உட்கார்ந்திருந்தார் அண்ணன். ஒரு தணல் துண்டு தெறித்து அவர் கால் விரல் இடுக்கில் விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை! இரண்டு நாள் கழித்து, காலுறையில் ஈரம் பட்டிருப்பதை அண்ணிதான் பார்த்தார். புண் சீழ் பிடித்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"பாழாய்ப்போன நெருப்பு" என்று எல்லோரும் நெருப்பைத் திட்டினோம். ஆனால் குற்றம் நெருப்பின் மேல் இல்லை. பல வருடமாக இரத்தத்தில் ஏறிய சர்க்கரை அவருடைய கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தது. அதனால்தான் சுட்டது தெரியவில்லை. ஒரு தட்டுக் கோழி அந்த விரல்களை எடுக்கவில்லை. "ஒரு நாளைக்குத்தானே" என்று நாங்கள் சொன்ன பல நூறு நாட்கள் எடுத்தன.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு மேல் இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். 100-க்கு 31 பேர். 2023 ஆய்வில் நாட்டு அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. அப்படியும் ஆறு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கிறது. உங்கள் அடுப்பைச் சுற்றி எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கருக விடாதீர்கள்

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். இறைச்சியையும் மீனையும் கடும் சூட்டில் கருக்கும்போது சில தீய இரசாயனங்கள் உண்டாகின்றன. கொழுப்பு சொட்டித் தணலில் விழுந்து எழும் புகையிலும் வேறு சில உண்டு. அவை இறைச்சியின் மேல் படிகின்றன. விலங்குகளுக்கு இவற்றை அதிக அளவில் கொடுத்த சோதனைகளில் புற்றுநோய் வந்தது. ஆகவே எப்போதோ ஒரு நாள் சாத்தே சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். கருகியதை ருசி என்று தேடித் தின்னவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. கரியில் சுவாலை அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகே கம்பி வலையை வையுங்கள். கோழித் தோலையும் கொழுப்பையும் முன்னாடியே நீக்குங்கள். அடிக்கடி திருப்பிப் போடுங்கள். கருகிய பகுதியைச் சுரண்டி எறியுங்கள். மீனை வாழையிலையில் பொதிந்து சுட்டால் நேரடியாகத் தணல் படாது, வாசனையும் கூடும். நெருப்பு மூட்டக் கித்தாத் துண்டு, பிளாஸ்டிக், சாயம் பூசிய பலகை ஆகியவற்றைப் போடாதீர்கள். அந்த நச்சுப் புகை உணவில் ஏறும். மூடிய வீட்டுக்குள் கரி எரிப்பது உயிருக்கே ஆபத்து.

ஹாட்டாக் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது. ஒரு ஹாட்டாக் ஏறக்குறைய அந்த எடைதான். பிள்ளைகளுக்கு அதைப் பழக்க வேண்டாமே!

ஊர்ப் பெயரிலேயே மருந்து இருக்கிறது

'அசாம் ஜாவா' என்றால் மலாய் மொழியில் புளி. நம் ஊர்ப் பெயரையே மசாலாவில் சேர்த்துக்கொள்வோம். புளிப்பில் ஊறிய இறைச்சியில் அந்தத் தீய பொருட்கள் குறைவாகவே உண்டாகும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சீனி பூசினாலோ சீக்கிரம் கருகும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. ஒரு கிலோ கெம்போங் மீனுக்கோ கோழிக்கோ எலுமிச்சை அளவு புளி, பத்துச் சின்ன வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு. சீனி இல்லை, கிச்சாப்பு இல்லை. மீன் அரை மணி நேரம் ஊறினால் போதும். கோழியை இரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் ஊறவைத்து, முதலில் ஆவியில் கால் மணி நேரம் வேகவைத்து, உடனே தணலில் போடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் வேக வேண்டும். பச்சைக் கோழி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கவும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாத்தேக் குழம்பிலும் பெலாச்சானிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. குழம்பை ஊற்றிக்கொள்ளாமல் தொட்டுக்கொள்ளுங்கள்.

தட்டையும் டின்னையும் பாருங்கள்

நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று சொல்லித் தருகிறது. தட்டில் கால் பங்கு சோறோ கிழங்கோ, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். கரியடுப்புக்கும் இது பொருந்தும். வெண்டிக்காய், கத்தரிக்காய், காளான், சோளம் எல்லாம் சுடச் சுவைப்பவை. வெள்ளரிக்காயும் அன்னாசியும் நறுக்கி வையுங்கள். வல்லாரைக் கீரையை வெங்காயத்தோடு பிசறி வைத்தால் பெரியவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

கடைசியாகக் குளிர்பானம். சாதாரண ஒரு டின்னில் ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி சீனி இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது வீணுக்கா? எலுமிச்சையும் புதினாவும் மிதக்கும் தண்ணீர்க் குடத்தை நடுவில் வையுங்கள். தாகம் தீர்ந்துவிடும்.

ஒரே பந்தியில்

விரல் எடுத்த பிறகு அண்ணனுக்குத் தனிச் சமையல் செய்தோம். அடுத்த விடுமுறையில் நாங்கள் வாசலில் சுட்டுக்கொண்டிருக்க, அவர் உள்ளே தனியாக உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "என்னைச் செத்தவனாட்டம் ஒதுக்கி வெச்சிட்டீங்களேம்மா" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டதுபோல் எந்தத் தணலும் சுட்டதில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் தனிச் சமையலை நிறுத்திவிட்டோம். அவருக்கு ஏற்ற உணவையே எல்லோருக்கும் சமைக்கிறோம். முதல் முறை பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். புளி மசாலா மீன் வாழையிலையில் வந்ததும் சுளிப்பு மறைந்தது. இப்போது அண்ணன்தான் அடுப்புக்குத் தலைவர். காலில் மூடிய சப்பாத்து, கையில் இடுக்கி. மருந்தைத் தவறவிடுவதில்லை, படுக்குமுன் தினமும் பாதத்தைப் பார்க்கிறார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இனிப்பு நீர்க்காரர் ஒருவர் இருக்கலாம். அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே விருந்து நடத்தாதீர்கள். அவர் சாப்பிடக்கூடியதையே அனைவரும் சாப்பிட்டால், நாளைக்கு நோய் வரக்கூடிய பிள்ளைகளுக்கும் அது காவல். நெருப்பை நாம் பழிக்க வேண்டியதில்லை. அதைச் சுற்றி எல்லோரும் ஒன்றாக உட்காரும்படி சமைக்கக் கற்றுக்கொண்டால் போதும்.