நெல் முளைத்த பொங்கல்

“அத்தை, நெல்லு கதிரிலேயே முளைச்சிருக்கு, வந்து பாருங்களேன்!”

2021-ம் வருஷம் போகியன்று காலை, என் அண்ணன் மகள் வாசலில் நின்று கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் கையில் ஒரு நெற்கதிர். பொன்னாக இருக்க வேண்டிய மணிகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக அரை அங்குல முளை எட்டிப் பார்த்தது. குழந்தைக்குப் பல் முளைத்தால் கொண்டாடுகிறோம். கதிரில் நெல் முளைத்தால் வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்!

தஞ்சாவூரில் குடியிருக்கும் நான், பொங்கலுக்காக முதல் நாளே பிறந்த வீடு வந்திருந்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே சின்னக் கிராமம். அண்ணனுக்கு மூன்று ஏக்கர் நிலம். சாகுபடிச் செலவுக்காக அண்ணியின் நாலு பவுன் சங்கிலி ஆடியிலேயே அடகுக் கடைக்குப் போயிருந்தது. “தை அறுப்பு முடிஞ்சதும் முதல் வேலை சங்கிலியை மீட்கறது. அடுத்தது பொண்ணோட காலேஜ் பீஸ்” என்று அண்ணி சொல்லியிருந்தாள். வாசலில் நின்று அந்தக் கதிரைப் பார்த்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. வெறும் கழுத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பனிக் காலத்தில் அடைமழை

நம் பக்கத்தில் மழைக் கணக்கு சுலபமானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மார்கழி பிறந்தால் பனி. தையில் நல்ல வெயிலும் காற்றும். நெல் முற்றிக் காய்வதற்கு இந்த வெயில்தான் ஆதாரம். ஜனவரி மாதம் முழுவதற்கும் தமிழ்நாட்டின் சராசரி மழை இரண்டு சென்டிமீட்டர்கூடக் கிடையாது.

அந்த வருஷம் வானம் கணக்கை மறந்தது. 2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி. அது தமிழ்நாட்டுக் கரையைக் கடக்காமலே கடலோரத்தில் நின்று டெல்டா முழுவதையும் நனைத்துவிட்டது. அந்தத் தண்ணீர் வடிந்து, பயிர் தலை நிமிர்ந்து, கதிர் முற்றிய நேரத்தில் ஜனவரி மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக டிசம்பர் முடிவோடு விடைபெறும் வடகிழக்குப் பருவமழை, அந்த முறை ஜனவரி 19-ம் தேதிதான் முடிந்ததாக வானிலைத் துறை அறிவித்தது. தெற்கே தாமிரபரணியில் பொங்கல் சமயத்தில் வெள்ளமே வந்தது.

‘தை மழை நெய் மழை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் நெய்யைக் கரண்டியால் விட்டுக்கொண்டால்தான் ருசி. குடத்தோடு கவிழ்த்தால்?

கதிரில் முளை ஏன்?

“வெள்ளம் தாங்கற நெல்லுன்னு சொன்னாங்களே, அதைப் போட்டிருந்தா தப்பிச்சிருக்குமோ?” என்று அண்ணனைக் கேட்டேன்.

“அது இளம் பயிரா இருக்கறப்ப தண்ணிக்குள்ள மூழ்கினா தாங்கும், தங்கச்சி. முத்தின கதிர் சாஞ்சு தண்ணியில கிடந்தா எந்த ரகமும் என்ன பண்ணும்?” என்றார்.

விதை முளைக்க என்ன வேண்டும்? ஈரம், கொஞ்சம் கதகதப்பு, காற்று. மணி பிடித்த கதிருக்குத் தலை கனம் அதிகம். மழை அடித்ததும் தாள் மடிந்து, கதிர் சேற்றில் படுக்கிறது. நாற்றங்காலுக்கு விதையை ஊறவைத்து மூட்டம் போடும்போது என்ன நடக்குமோ, அதுவேதான் வயலிலும் நடக்கிறது. முளைக்காத மணிகூட ஊறி உப்பிப் பழுப்பேறிவிடும். பிறகு காய வைத்து அரைத்தாலும் அரிசி முழுசாக வராது. நொய்யும் தவிடுமாகப் போகும்.

சீக்கிரம் அறுத்துவிடலாமே என்று தோன்றுகிறதல்லவா? அறுப்பு மிஷின் ஈர வயலில் இறங்காது. டயர் வண்டி புதைந்துபோகும். பெல்ட் வண்டிதான் வேண்டும். அதற்கு ஊரே வரிசையில் நிற்கிறது, வாடகையும் அதிகம். நின்ற பயிரை ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தில் அறுக்கிற வண்டி, சாய்ந்த பயிரை அறுக்க இரண்டரை மணி எடுத்துக்கொண்டது. மகசூல் பாதி, செலவு இரட்டிப்பு!

கூடமே களமானது

அந்தப் பொங்கலில் எங்களைக் காப்பாற்றியது அண்ணியின் பிடிவாதம் ஒன்றுதான்.

ஜனவரி முதல் வாரத்தில் இரண்டு நாள் வானம் வெளுத்திருந்ததாம். மேட்டு வயலில் கால் ஏக்கர் முற்றியிருக்கிறது. “பொங்கலுக்குப் புதுசு வேணும், அதையாவது கையால அறுத்துடுங்க” என்று அண்ணி சொன்னாள். “மிஷின் வரட்டும், எல்லாத்தையும் சேர்த்து அறுக்கலாம்” என்றார் அண்ணன். அண்ணி விடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தானே அரிவாளோடு இறங்கிவிட்டாள். எட்டு மூட்டை நெல் வீடு வந்தது. மறுபடி மழை தொடங்கிவிட்டது.

நான் போனபோது கூடம், ரேழி, சாமி அறை வாசல் எல்லாம் நெல்! நாலு விரல் கனத்துக்குக்கூட இல்லாமல் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டு, மணிக்கு ஒரு தரம் காலால் துழாவிக்கொண்டே இருந்தாள். ராத்திரி சுவரோரம் ஒண்டிக்கொண்டு படுத்தோம். ஈர நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே சூடேறி, அரிசி மஞ்சளித்து நாற்றமடித்துவிடும். மூடுவதைவிடப் பரப்புவதுதான் முக்கியம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

சரியாகக் காயாத இரண்டு மூட்டையை அண்டாவில் போட்டு அவித்துவிட்டாள். அவித்த நெல் முளைக்காது. ஆனால் அதையும் உடனே உலர்த்தியாக வேண்டும், விட்டால் புளித்துவிடும். அடுப்படிச் சூட்டில் சாக்கு விரித்து அதைக் காய வைத்தோம். நன்றாகக் காய்ந்த மூட்டைகளில் ஒன்றரை மூட்டையை அடுத்த சம்பாவுக்கு விதையென்று தனியே எடுத்துவைத்தாள். பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்பது அவள் கணக்கு.

உளுந்து, வைக்கோல், மாடு

நெல் போனது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதோடு போன மற்றவை பத்திரிகைச் செய்தியில் வரவில்லை.

டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப் பயறையோ தெளித்துவிடுவது வழக்கம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தைப் பனியும் போதும், தனியாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. பங்குனியில் கைக்கு வரும் இந்த உளுந்துக் காசு எங்கள் வீட்டில் எப்போதும் பெண்கள் காசு. குழந்தைக்குக் காதுகுத்து, தாய் வீட்டுச் சீர், பாத்திரம் பண்டம் எல்லாம் இதிலிருந்துதான். அந்த வருஷம் தண்ணீர் நின்ற வயலில் தெளித்த முப்பது கிலோ உளுந்தும் அழுகிப்போனது. மறுபடி தெளிக்கக் காலமும் இல்லை, கையில் விதையும் இல்லை.

அடுத்தது வைக்கோல். மிஷின் அறுத்துப் போட்ட தாள் கறுத்து, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. அதைப் போட்டால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில் தின்றுவிட்டாலோ வயிறு கெட்டுப் பால் வற்றும். நல்ல வைக்கோல் விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு கறவையில் ஒன்றை மாசியில் விற்றார்கள். காலேஜ் பீஸ் அந்தப் பணத்தில்தான் கட்டப்பட்டது. மாடு போன அன்று அண்ணி காப்பிகூடக் குடிக்கவில்லை.

அண்ணியின் கணக்கு நோட்டு

அண்ணி எட்டாம் வகுப்புதான். ஆனால் அவள் நோட்டில் எல்லாம் இருக்கும். மற்ற வருஷங்களில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 35 காணும். அந்த வருஷம் மீதி இரண்டே முக்கால் ஏக்கருக்கும் சேர்த்து 44 மூட்டைதான். ஜனவரி கடைசியில் வெயில் வந்த பிறகு, சாலையில் காய வைத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார் அண்ணன். நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது விதி. மழை மிகுந்த வருஷங்களில் அரசு இதைத் தளர்த்துவதும் உண்டு. இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாம் தடவை 30 மூட்டை எடுத்துக்கொண்டார்கள். சாதா ரகத்துக்கு அப்போது குவிண்டாலுக்கு 1,918 ரூபாய். மீதி 14 மூட்டை கறுத்த நெல், வியாபாரியிடம் மூட்டை 700 ரூபாய்க்குப் போயிற்று.

மொத்த வரவு சுமார் 44,000. செலவு 75,000. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மூன்று ஏக்கருக்கு 24,000 கிடைத்தது. அப்படியும் கையைக் கடித்தது. பிப்ரவரி 5-ந் தேதி கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. கூட்டுறவில் கடன் வாங்கியவர்கள் மூச்சு விட்டார்கள். அண்ணன் வாங்கியிருந்ததோ அடகுக் கடையில். அதற்குத் தள்ளுபடி ஏது? வட்டி மட்டும் மழை நாளிலும் வளர்ந்துகொண்டிருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

அது ஒரு வருஷத்துக் கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும், 2024 ஜனவரியிலும் அறுப்பு நேரத்தில் டெல்டாவில் மறுபடி மழை. ஆகவே சகோதரிகளே, பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

1. எல்லாம் முற்றட்டும் என்று காத்திருக்காமல், முற்றிய மேட்டு வயலை முதலில் அறுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் விதைக்குமாவது வீடு வந்து சேரட்டும்.

2. கதிர் முற்றும் முன்பே வடிகால் வாய்க்காலைப் பார்த்துத் தூர் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஒரு நாளில் வடிவதற்கும் ஐந்து நாள் நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

3. பயிர்க் காப்பீட்டை மறக்காதீர்கள். சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான். அண்ணன் அந்த வருஷம் “அப்புறம் பார்க்கலாம்” என்று விட்டுவிட்டார். கடைசித் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. பூஞ்சணம் பிடித்த அரிசி, வேர்க்கடலை, மக்காச்சோளத்தைக் கழுவிச் சமைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சில பூஞ்சணங்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் முழுக்கப் போகாது. ஈரலைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடக் கூடாது.

5. சேற்றில் நின்றுவிட்டு வந்தால், விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். சேற்றுப்புண் வராமல் தடுக்க அது உதவும். வயல் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் காட்டி, வயலில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

6. நொய் அரிசி கெட்ட அரிசி அல்ல. வாடையும் கறுப்பும் இல்லாவிட்டால் நன்றாகச் சாப்பிடலாம். அந்த வருஷம் முழுக்க அண்ணி வீட்டில் நொய்க் கஞ்சி, நொய் உப்புமா, நொய் அடைதான். பட்டணத்தில் இருக்கும் நாமும் கடையில் கொஞ்சம் பழுப்பான புது அரிசியைப் பார்த்தால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். அது எந்த வீட்டுக் கூடத்தில், எத்தனை கைகள் துழாவிக் காய வைத்ததோ!

அன்று பொங்கல் வைத்தது வாசலில் அல்ல, அடுப்படியில். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி தானே அறுத்த நெல்லைக் குத்தி எடுத்த புது அரிசியைப் பானையில் போட்டாள். பால் பொங்கியபோது எல்லோரும் சேர்ந்து “பொங்கலோ பொங்கல்” என்றோம். யாருக்கும் குரல் சரியாக வரவில்லை, அண்ணிக்கு மட்டும் வந்தது.

எடுத்துவைத்த அந்த ஒன்றரை மூட்டை விதைதான் அடுத்த சம்பாவுக்கு மூன்று ஏக்கரிலும் நாற்றாக நின்றது. விதைக்குக் கடன் வாங்கவில்லை. சங்கிலி மட்டும் அடுத்த தை அறுப்புக்கும் பிறகுதான் வீடு திரும்பியது. போன தடவை பார்த்தபோது அண்ணி அதைப் போட்டிருந்தாள். “இந்த வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டியாச்சா?” என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே சமையலறை நாட்காட்டியைக் காட்டினாள். சிவப்பு மையில் ஒரு வட்டமும், பக்கத்தில் ‘கட்டியாச்சு’ என்று அவள் கையெழுத்தும் இருந்தன.